ஜெப நோட்டில் இருந்த பெயர்

ஆர்வில் டாக்கெட்டின் காதில் விழுந்தது இன்னொரு காதுக்குப் போகாது என்பதில் எங்கள் ஊருக்குச் சந்தேகமே கிடையாது. கென்டக்கி மலைகளுக்குள் பிரஷி ஓடையை ஒட்டி நானூறு வீடு. அதில் முந்நூறு வீட்டு வயிற்றெரிச்சல் அந்த மனுஷருக்குத் தெரியும். யாருக்குக் கல்லீரல் போய்விட்டது, யார் மகன் மாத்திரைக்கு அடிமையாகி லெக்சிங்டன் நகரத்தில் கிடக்கிறான், யார் வீட்டுக்கு பாங்க் பூட்டுப் போடப் போகிறது, எல்லாம் தெரியும். தெரிந்தும் கடையில் எதிர்ப்பட்டால், மழை வரும் போலிருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அதற்குக் காரணம் அந்த நோட்டு. எங்கள் சர்ச்சில் புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு ஜெபக் கூட்டம். அதற்கு முன்னால் ஒவ்வொருவரும் ஆர்விலிடம் போய்த் தங்கள் விண்ணப்பத்தைச் சொல்வார்கள். அவர் ஒரு பச்சை அட்டை நோட்டில் எழுதிக்கொண்டு, கூட்டம் தொடங்கியதும் எழுந்து நின்று ஒவ்வொன்றாக வாசிப்பார். பிறகு எல்லோரும் ஜெபிப்போம். ஜெபத்தில் வைத்ததை வெளியே எடுத்துப் போகக் கூடாது என்பது சட்டம். நாங்கள் அந்தச் சட்டத்தை வாசல்படி தாண்டும் வரைக்கும் காப்பாற்றுவோம். ஆர்வில் பத்தொன்பது வருஷமாகக் காப்பாற்றினார். ஆமென் சொன்னதும் நோட்டை மூடி, அட்டையை ஒரு தட்டுத் தட்டி, அத்தோடு மறந்துவிடுவதாக அவரே சொல்வார். மறப்பதும் ஒரு ஊழியம்தான் என்பார். கடையில் வாங்கச் சொன்ன பாலையும் அதே ஊழியத்தில் மறந்துவிடுகிறார் என்று அவர் மனைவி வெர்னா சொல்வாள்.

வயது அறுபத்து மூன்று. முப்பத்தொரு வருஷமாகப் பள்ளிக்கூடத்தின் பதினாலாம் நம்பர் பஸ்ஸை ஓட்டினார். இன்றைக்கு ஊரில் மீசை வைத்துக்கொண்டு திரிகிற பாதிப் பேர் அந்த பஸ்ஸில் சாய்ந்து தூங்கியவர்கள். யாரையும் கடிந்து பேசத் தெரியாது. பின் சீட்டில் பையன்கள் அடித்துக்கொண்டால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, சண்டை முடிகிற வரைக்கும் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெட்கப்பட்டு அவர்களே நிறுத்திவிடுவார்கள். இப்படி எல்லாச் சண்டையும் தானாக அடங்கிவிடும் என்று நம்பி நம்பியே மனுஷர் வயதானார்.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம், பழைய துப்பாக்கி. அவர் வியாபாரி இல்லை. செத்தவர் வீட்டு ஏலத்திலோ யார் கொட்டகையிலோ துருப்பிடித்துக் கிடப்பதை வாங்கி வருவார். குளிர்காலம் முழுக்கச் சமையலறை மேஜையில் பழைய துண்டை விரித்துப் போட்டு எண்ணெய் விட்டுத் துடைப்பார், துப்பாக்கியின் மரக்கட்டையை உப்புத்தாள் போட்டு இழைப்பார். வருஷத்துக்கு நாலைந்து தேறும். அதை அக்டோபரில் கோர்ட் நாளன்று விற்பார்.

கோர்ட் நாள் என்பது பெயர்தான். அந்தக் காலத்தில் மாதம் ஒரு நாள் நீதிபதி எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், தலைநகருக்கு வந்தபோது, வழக்குக்கு வந்த சனம் கோவேறு கழுதையையும் நாயையும் கத்தியையும் கைமாற்றிக்கொண்டது. நீதிபதி இப்போது வருஷம் பூராவும் இருக்கிறார். கழுதைகள் போய்விட்டன. கைமாற்றுகிற பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. அந்தத் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. கோர்ட்டைச் சுற்றி மூன்று தெருவுக்கு மேஜை போட்டு, பொரித்த மீன் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே பேரம் பேசுவோம்.

லைசன்ஸ் எடுத்துக் கடை வைத்திருப்பவர் துப்பாக்கி விற்றால், போன் போட்டு வாங்குகிற ஆளைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஆர்வில் மாதிரித் தன் சொந்தப் பொருளை எப்போதாவது விற்கிறவருக்கு எங்கள் மாநிலத்தில் அந்தத் தொல்லை இல்லை. விசாரிக்க வேண்டியதில்லை என்பதை, தெரிந்திருந்தாலும் பரவாயில்லை என்று நாங்கள் எந்த வருஷம் மாற்றிக்கொண்டோமோ, யாருக்கும் நினைவில்லை. தெரிந்த ஆளிடம் போய் அடையாள அட்டையைக் காட்டு, இந்தத் தாளில் கையெழுத்துப் போடு என்று கேட்டால், உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தம். வெளியூர்க்காரர் ஒருவர் ஒரு வருஷம் அப்படிக் கேட்டார். மத்தியானத்துக்குள் அவர் மேஜையில் ஈதான் இருந்தது. ஆர்வில் ஒன்று மட்டும் கேட்பார். இதை உனக்கு விற்கக் கூடாதென்று ஏதாவது காரணம் இருக்கிறதா என்பார். இல்லை என்றால் கை குலுக்குவார். அந்தக் கேள்வியைக் கேட்பதாலேயே தான் மற்றவர்களைவிட ஒரு படி யோக்கியன் என்று அவருக்கு உள்ளுக்குள் எண்ணம்.

அந்த வருஷம் அவர் மேஜைக்கு ஜாரட் ஸ்லோன் வந்தான். ஜல்லி லாரி ஓட்டுகிறவன், முப்பத்து மூன்று வயது. அவனும் பதினாலாம் நம்பர் பஸ்ஸில் போனவன்தான். ஆகஸ்ட் மாதம் அவன் தன் வீட்டு வாஷிங் மெஷினைத் துப்பாக்கியால் சுட்டான். மெஷின் பக்கத்தில் அவன் மனைவி லியானா துணி மடித்துக்கொண்டு நின்றாள். குண்டு அவள் இடுப்புக்கு ஒரு சாண் தள்ளிப் போயிற்று. எங்கள் ஊர் ஆம்பிளைகளுக்கு எதுவுமே வேடிக்கைதான். ஜாரட் ஒரு வாஷிங் மெஷினைக் கொன்றுவிட்டான், சவ அடக்கம் எப்போது என்று ஒரு மாதம் சிரித்துக்கொண்டிருந்தோம். லியானா சிரிக்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள், பிறகு கோர்ட்டுக்குப் போனாள். நீதிபதி இருவரையும் கூப்பிட்டு விசாரித்து மூன்று வருஷத்துக்குப் பாதுகாப்பு உத்தரவு போட்டார். ஜாரட் அவள் பக்கத்தில் போகக் கூடாது, கையில் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. ஷெரிஃப் ஆட்கள் அவன் வீட்டிலிருந்து ஐந்து துப்பாக்கியை எடுத்துப் போனார்கள்.

இதையெல்லாம் லியானாவின் அம்மா கோல்டி செப்டம்பரில் ஒரு புதன்கிழமை ஆர்விலிடம் சொன்னாள். அவர் எழுதினார், எழுந்து நின்று வாசித்தார், நாங்கள் ஜெபித்தோம். ஆமென் சொல்லி நோட்டை மூடி அட்டையைத் தட்டினார்.

கோர்ட் நாளன்று ஜாரட் எடுத்துப் பார்த்தது ஒரு பழைய தேர்ட்டி-தேர்ட்டி ரைஃபிள், மான் வேட்டைக்காரர்கள் உயிரைக் கொடுத்துத் தேடுகிற வகை. ஆர்வில் அந்தக் கட்டைக்கே இரண்டு மாதம் செலவழித்திருந்தார். அவன் தோளில் வைத்துப் பார்த்தான், மூக்கருகே கொண்டுபோய் எண்ணெய் வாசனை பிடித்தான். சுற்றி முப்பது பேர் நின்றோம். ஆர்வில் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இதை நான் உனக்கு விக்கக் கூடாதுன்னு ஏதாச்சும் காரணம் இருக்கா, ஜாரட்?"

"ஒண்ணும் இல்லைங்க. குளிர்காலத்துக்கு ஃப்ரீசர்ல கொஞ்சம் மான்கறி போட்டு வைக்கணும், அவ்வளவுதான்."

அந்த நிமிஷம் ஆர்விலுக்கு நோட்டில் எழுதியது ஞாபகம் வந்தது. பிற்பாடு அவரே ஒத்துக்கொண்டார். உத்தரவு இருக்கிறதே என்று கேட்கலாம். கேட்டால், ஜெபத்தில் வைத்ததைச் சந்தையில் விரித்ததாக ஆகும். பத்தொன்பது வருஷத்தில் அதைச் செய்ததில்லை. முப்பது பேர் முன்னால் ஒரு ஆம்பிளையின் முகத்தில் கரி பூசியதாகவும் ஆகும். அவர் கோர்ட் கோபுரத்துக் கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பஸ்ஸை ஓரம் கட்டி மலையைப் பார்ப்பது போல. பிறகு கை குலுக்கிவிட்டார். ஜாரட் முந்நூற்றைம்பது டாலரை எண்ணி வைத்துவிட்டுத் துப்பாக்கியோடு போனான். நின்ற முப்பது பேரில் பத்துப் பேருக்காவது உத்தரவைப் பற்றித் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நானும் மீன் சாண்ட்விச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் புதன்கிழமை கோல்டி மலர்ந்த முகத்தோடு வந்தாள். இந்த முறை விண்ணப்பம் இல்லை, ஸ்தோத்திரம் என்றாள். ஆர்வில் எழுதிக்கொண்டார். எழுதும்போது கை தானாக ஓடியது. எழுந்து வாசிக்கத் தொடங்கியபோதுதான் என்ன எழுதியிருக்கிறோம் என்று உறைத்தது. தன் மகள் இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாள், ஜாரட்டிடம் ஒரு துப்பாக்கிகூட இல்லை என்பதால் கதவுப் பிடிக்குக் கீழே நாற்காலி முட்டுக்கொடுப்பதை நிறுத்திவிட்டாள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இதுதான் வாசகம். ஒரு துப்பாக்கிகூட என்ற இடத்தில் அவர் நின்றார், தண்ணீர் குடித்தார், மறுபடி ஆரம்பித்து முடித்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள். அவர் நோட்டை மூடினார், ஆனால் அட்டையைத் தட்டவில்லை. வெர்னா மட்டும் அதைக் கவனித்தாள்.

மறுநாள் பீன்ஸ் சூப்பும் சோள ரொட்டியும் மேஜையில் ஆறிக்கொண்டிருக்க, அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். முதலில், தனக்கு நினைவே இல்லை என்றுதான் ஆரம்பித்தார். ஜெபத்தில் வைத்ததை மறந்துவிடுவது தன் வழக்கம், அது அவளுக்கே தெரியும், அந்த மறதியில் விற்றுவிட்டேன் என்றார். வெர்னா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நாப்பது வருஷமா உன்கூட இருக்கேன், ஆர்வில். நீ எதையும் மறக்கறவன் இல்ல. மறந்த மாதிரி இருக்கறவன்."

அவர் சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பேர் சொல்லாமல் ஷெரிஃபுக்கு ஒரு போன் போட்டால் என்ன என்று வெர்னா கேட்டாள். முப்பது பேர் பார்த்திருக்கிறார்கள், அந்தக் கட்டையைப் பார்த்தாலே யார் கை வேலை என்று நாய்க்குக்கூடத் தெரியும் என்றார் அவர். அப்படியானால் முதலில் வக்கீலைப் பார் என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் ஓட்டத்தை முடித்துவிட்டு வக்கீல் ஹென்ஸ்லியிடம் போனார். ஹென்ஸ்லி எங்கள் கவுண்டியில் பிறந்தவர், கெட்டிக்காரர், இனாமாக எதுவும் சொல்லாதவர். முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விசாரிக்க வேண்டிய கடமை ஆர்விலுக்கு இல்லை என்பது சரி. ஆனால் வாங்குகிறவன் மேல் அப்படி ஓர் உத்தரவு இருப்பது தெரிந்தோ, தெரிந்துகொள்ள நியாயமான காரணம் இருந்தோ விற்றால் அது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம், பதினைந்து வருஷம் வரைக்கும் போடலாம் என்றார். ஆர்வில் தன் கேள்வியைப் பற்றிச் சொன்னார். அவன் இல்லை என்றுதானே சொன்னான் என்றார்.

"நீ கேட்ட கேள்விக்கு அவன் பொய் சொன்னான், சரி. அது பொய்னு உனக்குத் தெரியுமா தெரியாதா, அதான் இப்ப கேள்வி. அந்த நோட்டு யார் கையெழுத்து?"

"என் கையெழுத்து."

"அதை நான் காதுல வாங்கல."

பிறகு வக்கீல் வழி சொன்னார். தானே அரசு வக்கீலிடம் பேசுவதாகவும், முன்கூட்டியே ஓர் ஏற்பாடு செய்துகொண்டு துப்பாக்கியைப் பிடித்துக் கொடுத்தால் தண்டனை இல்லாமல்கூடத் தப்பலாம் என்றும் சொன்னார். அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை ஆர்வில் வாயைத் திறக்கக் கூடாது. ஷெரிஃபிடம் போகக் கூடாது, போதகரிடம் சொல்லக் கூடாது, முக்கியமாக அந்தப் பெண்ணிடம் மூச்சு விடக் கூடாது.

"நூறு பேரோட பேரை வாசிக்கிற. எது ஞாபகம் இருக்கு, எது இல்லைன்னு உன் மண்டைக்குள்ள புகுந்து யாரும் பாக்க முடியாது. தெரியாதுங்கற அந்த ஒரு வார்த்தைதான் உன் வீடு, உன் பென்ஷன், உன் பஸ், எல்லாம். அதைத் தூக்கி எறிஞ்சுட்டு என்கிட்ட வராத."

அந்த இரண்டு மூன்று வாரத்தில் அவன் ஏதாவது செய்துவிட்டால் என்று ஆர்வில் கேட்டார். ஹென்ஸ்லி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தான் ஆர்விலின் வக்கீல், அந்தப் பெண்ணின் வக்கீல் இல்லை என்றார். அதில் தப்பும் இல்லை. அவர் வேலை அது.

சனிக்கிழமை ஆர்வில் துப்பாக்கியைத் திருப்பி வாங்கிவிடலாம் என்று ஜாரட்டின் டிரெய்லர் வீட்டுக்குப் போனார். விற்ற விலைக்கு இரண்டு மடங்கு பணம் சட்டைப் பையில் இருந்தது. வாசலில் லாரியின் அடியில் படுத்திருந்தவன் எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினான். ஆர்வில் சுற்றி வளைத்தார். அந்தக் கட்டையை விட்டுப் பிரிய மனசு வரவில்லை, வேறு ஒருவருக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தேன், எங்கோ தப்பு நடந்துவிட்டது என்றெல்லாம் இழுத்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர், காது மடல் சிவந்துபோயிற்று. ஜாரட் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சிரித்தான்.

"பிரதர் ஆர்வில், நேரா சொல்லுங்களேன். புதன்கிழமை மாமியார் என்ன சொல்லி ஜெபம் பண்ணுதுன்னு எனக்குத் தெரியாதா? எங்க அம்மா அங்கதானே மூணாவது பெஞ்சுல உக்காந்திருக்கு."

ஆர்வில் சட்டைப் பைக்குள் கையை விட்டார். பணத்தை எடுத்து நீட்டினார். ஜாரட் அதைப் பார்க்கவே இல்லை.

"என்கிட்ட இருக்குன்னு போய்ச் சொல்லு, பாக்கலாம். எனக்கு ஒரு ரூம்னா உனக்குப் பக்கத்து ரூம். தெரிஞ்சுதானே வித்த? உன் முகத்தைப் பாத்தேன்ல, மணிக்கூண்டைப் போய்ப் பாத்தியே."

நீங்க என்று ஆரம்பித்தவன் நீ என்று முடித்தான். சின்ன வயதில் பஸ்ஸில் ஏறும்போது தொப்பியைக் கழற்றிவிட்டு வணக்கம் சொன்ன பையன். ஆர்வில் நீட்டிய பணத்தை மறுபடி சட்டைப் பையில் திணித்துக்கொண்டு தன் பிக்கப் வண்டிக்குத் திரும்பினார். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்தது அவர் நிலைமை. பேசினால் ஜெயில். பேசாவிட்டால், நாற்காலி முட்டுக்கொடுக்காத ஒரு கதவு. வீட்டுக்கு வந்து வெர்னாவிடம், அவன் கொடுக்க மாட்டேன் என்கிறான் என்று மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மூன்றாவது பெஞ்சையும் பார்க்க முடியவில்லை, கோல்டி உட்கார்ந்த பக்கமும் பார்க்க முடியவில்லை. பாட்டுப் புத்தகத்துக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். வக்கீல் சொன்ன இரண்டு வாரத்தை நாள் நாளாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவ்வளவு நாளும் ஒன்றும் நடக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவருடைய பழைய வழக்கம் அதுதானே.

திங்கட்கிழமை காலை கோல்டி வீட்டு நிறுத்தத்தில் லியானா மகளோடு நின்றாள். மகள் மேசிக்கு ஏழு வயது. பஸ்ஸில் ஏறியதும் ஓட்டுநருக்கு நேர் பின்னால் இருக்கிற சீட்டில்தான் உட்காருவாள். ஆர்வில் கதவைத் திறந்தார். குழந்தை ஏறி உட்கார்ந்தாள். லியானா வழக்கம் போல் கையை ஆட்டிவிட்டுப் போகாமல் படி அருகே வந்தாள். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறவள், அந்தச் சீருடையிலேயே இருந்தாள். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. நன்றாகத் தூங்குகிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது.

சனிக்கிழமை தங்கள் வீட்டுப்பக்கம் ஒரு அதிசயம் நடக்கப் போகிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். ஜாரட் தன் அம்மா மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறானாம், குளிர்காலத்துக்கு விறகு வெட்டி அடுக்கித் தருகிறேன் என்று. கோர்ட் உத்தரவுப்படி வரக் கூடாதுதான். ஆனால் அம்மாவுக்கு முதுகு போய்விட்டது, விறகுக்கு ஆள் இல்லை, குழந்தையும் அப்பாவைப் பார்த்து இரண்டு மாதம் ஆகிறது. அம்மா சனிக்கிழமை லெக்சிங்டனில் டாக்டரைப் பார்க்கப் போகிறாள், அதனால் சண்டை சச்சரவும் இருக்காது, வரட்டும் என்று லியானாவே சொல்லி அனுப்பிவிட்டாளாம்.

"அவன்கிட்ட துப்பாக்கிதான் இல்லையே. கத்தினா கத்திட்டுப் போறான், எனக்கென்ன."

ஆர்வில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முன் கண்ணாடி வழியாகப் பார்த்தார். எதிரே மலைதான் இருந்தது. பின்னால் இருபத்து மூன்று பிள்ளைகள் கசமுசவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். வக்கீலின் முகம், வெர்னாவின் முகம், வீட்டுப் பத்திரம், எல்லாம் வந்து போயிற்று. சொல்லாமல் போய்விட ஆசையாகத்தான் இருந்தது. இதை மறைக்க வேண்டாம், ரொம்ப ஆசையாக இருந்தது. கதவு மூடுகிற நெம்புகோலில் கைகூட வைத்துவிட்டார்.

பிறகு எஞ்சினை அணைத்துவிட்டுப் படி இறங்கி வந்தார். முப்பத்தொரு வருஷத்தில் பிள்ளைகள் உள்ளே இருக்க அவர் ஓட்டுநர் சீட்டை விட்டு இறங்கியது அதுதான் முதல் தடவை.

"அவன்கிட்ட துப்பாக்கி இருக்கும்மா. கோர்ட் நாளன்னைக்கு நான்தான் வித்தேன்."

லியானாவின் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் முகத்தில் அப்படியே நின்றது, பிறகுதான் மெல்ல வடிந்தது. அவள் திட்டவில்லை. அவருக்காக ஒரு வழி தேடினாள், அதுதான் கொடுமை.

"நீங்க வாராவாரம் எத்தனையோ பேரோட கஷ்டத்தைக் கேக்கறீங்க. உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்காது. அப்படித்தானே?"

தெரியாது என்கிற அந்த ஒரு வார்த்தையை அவளே எடுத்துக் கையில் கொடுத்தாள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும்.

"இருந்துச்சு. நல்லா ஞாபகம் இருந்துச்சு. எல்லார் முன்னாலயும் கேக்கக் கூச்சமா இருந்துச்சு, வித்துட்டேன்."

அவள் அவரைத் தாண்டிக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறி மேசியின் கையைப் பிடித்தாள். குழந்தை, இன்றைக்கு லைப்ரரி நாள், புத்தகம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று முரண்டு பிடித்தது. லியானா அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். நான்கு அடி போனவள் திரும்பினாள்.

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். இனிமே என் பேரையோ என் குழந்தை பேரையோ அந்த நோட்டுல எழுதாதீங்க. வாய்ல கூட எடுக்காதீங்க."

ஆர்வில் மீதி ஒன்பது நிறுத்தத்திலும் நிறுத்தி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, பஸ்ஸை டிப்போவுக்குக் கொண்டுபோகாமல் ஷெரிஃப் ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். பத்து மணிக்குள் இரண்டு ஷெரிஃப் கார் ஜாரட் வீட்டுக்குப் போயிற்று. தேர்ட்டி-தேர்ட்டி வீட்டுக்குள் இல்லை. லாரிக் கேபினில், சீட்டுக்குப் பின்னால், ஆறு தோட்டா போட்ட நிலையில் இருந்தது. அந்தத் துப்பாக்கியோடு எதற்காக விறகு வெட்ட வர இருந்தான் என்று அவன் சொல்லவில்லை, யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. மத்தியானத்துக்குள் லியானா குழந்தையோடு ஆற்றைத் தாண்டி ஒஹையோ மாநிலத்துக்குப் போய்விட்டாள், எந்த ஊர் என்று கோல்டியைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆர்விலைக் காவலில் வைத்ததால் பதினாலாம் நம்பர் பஸ் ஷெரிஃப் ஆபீஸ் வாசலிலேயே நின்றது. பிள்ளைகள் சாயங்காலம் வீடு திரும்ப ஒரு மணி நேரம் தாமதம். எங்கள் ஊர் முதலில் கோபப்பட்டது அதற்குத்தான்.

மற்றக் கோபமெல்லாம் பின்னால் வந்தது. விற்றதற்காக அவரைத் திட்டியவர்கள் குறைவு. போய்ச் சொன்னதற்காகத் திட்டியவர்கள்தான் அதிகம். ஹென்ஸ்லி ஜாமீன் வாங்கிக் கொடுத்துவிட்டு, இனி கடவுள்தான் உனக்கு வக்கீல் என்றார். பஸ் வேலை அன்றைக்கே போயிற்று. அந்த வார முடிவில் இரண்டு மத்திய அரசு அதிகாரிகள் சர்ச்சுக்கு வந்து, ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு, பச்சை அட்டை நோட்டைச் சாட்சியமாக எடுத்துப் போனார்கள். பத்தொன்பது வருஷத்து ஊர்க் கண்ணீரும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போயிற்று.

அடுத்த புதன்கிழமை வெர்னாவோடு ஆர்வில் கூட்டத்துக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். போதகரின் மனைவி புது நோட்டோடு நின்றாள். எங்கள் சர்ச்சில் இன்னொரு வழக்கமும் உண்டு. விஷயத்தைச் சொல்ல விருப்பமில்லாதவர் கையை மட்டும் தூக்கி, சொல்லாதது என்பார். அதையும் ஒரு விண்ணப்பமாக எழுதி ஜெபிப்போம். வருஷத்துக்கு ஒருவரோ இருவரோ அப்படிச் செய்வார்கள். அன்றைக்கு ஜாரட்டின் அம்மா கையைத் தூக்கிச் சொல்லாதது என்றாள். கோல்டி சொல்லாதது என்றாள். கல்லீரல் போனவரும், மகனை லெக்சிங்டனில் விட்டவரும், நானும், ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினோம். எழுதினால் அது தெரிந்ததாகிவிடும் என்று ஊர் கற்றுக்கொண்டுவிட்டது. போதகரின் மனைவி வரிசை எண் மட்டும் போட்டுக்கொண்டே போனாள், பதினேழு வரைக்கும் வந்தது.

இன்னும் யாராவது உண்டா என்று அவள் கேட்டாள். கடைசி பெஞ்சில் ஆர்வில் எழுந்து நின்றார். அவருக்கு இந்த உலகத்தில் இருந்தது ஒரே ஒரு விண்ணப்பம்தான். அதில் இரண்டு பெயர்கள், இரண்டையும் வாயில் எடுக்க அவருக்கு அனுமதி இல்லை.  வெர்னா அவர் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டாள். அவர் கையைத் தூக்கி, சொல்லாதது என்றார்.